செல்போனில் கண் பரிசோதனை: சட்டம் சொல்வது என்ன?

செல்போன் திரையில் தெரியும் எழுத்துகளைப் படித்துக் காட்டினால் போதும், கண்ணாடி வீடு தேடி வரும் என்ற விளம்பரங்கள் இப்போது அடிக்கடி கண்ணில் படுகின்றன. அலைச்சல் மிச்சம், செலவும் குறைவு என்று பலரும் யோசிக்கிறோம். ஆர்டர் கொடுப்பதற்கு முன் சில விதிகளைத் தெரிந்துகொள்வது நல்லது.

கொரோனா ஊரடங்கு தொடங்கிய 2020 மார்ச் 25 அன்றுதான் தொலை மருத்துவத்துக்கான வழிகாட்டு நெறிமுறைகள் நம் நாட்டில் வெளியாயின. அதே ஆண்டு மே மாதம் அவை மருத்துவர்களின் நடத்தை விதிகளோடு சேர்க்கப்பட்டன. கண்ணாடிக்கென்றோ காண்டாக்ட் லென்ஸுக்கென்றோ அவற்றில் தனிப்பகுதி கிடையாது. பொதுவான விதிகள்தான் கண்ணுக்கும்.

போனில் ஆலோசனை சொல்பவர் மருத்துவ கவுன்சிலில் பதிவு பெற்ற டாக்டராக இருக்க வேண்டும். சீட்டிலும் ரசீதிலும், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அதிலும், அவருடைய பதிவு எண் இருக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவு மென்பொருள் தானாக நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ அனுமதி இல்லை. சிறுவர்கள் என்றால் பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும்; அவர் யார் என்பதையும் டாக்டர் உறுதி செய்துகொள்ள வேண்டும். கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பவர் பெரும்பாலும் ஆப்டோமெட்ரிஸ்ட். அது தனிப் படிப்பு, மதிக்கத்தக்க தொழில். ஆனால் இந்த நெறிமுறைகள் டாக்டர்களுக்காக எழுதப்பட்டவை.

நேரில் பார்த்தால்தான் சரியாக இருக்கும் என்று தோன்றினால் டாக்டர் நேரில் வரச் சொல்லிவிட வேண்டும். கண் விஷயத்தில் பெரும்பாலும் அந்த நிலைதான். பவர் என்பது கண் பரிசோதனையில் ஒரு பகுதி மட்டுமே. கண் அழுத்தத்தையும் விழித்திரையையும் செல்போன் கேமரா சோதிக்காது. கண் அழுத்த நோய் பெரும்பாலும் வலியே இல்லாமல் பார்வையைத் தின்னும். போன பார்வை திரும்பாது. சர்க்கரை நோய் உள்ள அத்தா, அம்மாவுக்குப் போன் பரிசோதனை போதும் என்று விட்டுவிடாதீர்கள். குழந்தைக்கு ஒரு கண் மட்டும் மங்கலாக இருந்தால் மறு கண்ணால் சமாளித்துப் படித்துவிடும். வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்தச் சோம்பல் கண்ணுக்குச் சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது.

காண்டாக்ட் லென்ஸ் இன்னும் நுணுக்கமானது. கண்ணாடிச் சீட்டில் உள்ள பவரை அப்படியே லென்ஸுக்கு எடுத்துக்கொள்ள முடியாது. கருவிழியின் வளைவை அளந்து, லென்ஸைப் போட்டுப் பார்த்து, சரியாக உட்காருகிறதா என்று கருவியில் பார்த்தாக வேண்டும். அமெரிக்காவில் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சீட்டு இல்லாமலோ, எழுதிய டாக்டரிடம் சரிபார்க்காமலோ லென்ஸ் விற்கக் கூடாது. அழகுக்காகப் போடும் பவர் இல்லாத கலர் லென்ஸுக்கும் 2005 முதல் அங்கே சீட்டு வேண்டும். நம் பக்கம் கல்யாண வீடுகளில் மணப்பெண் போட்ட கலர் லென்ஸை வாங்கித் தங்கையும் போட்டுப் பார்ப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். குழாய்த் தண்ணீர் லென்ஸில் படுவது கிருமித் தொற்றுக்கு வழி. லென்ஸ் போடுபவர்கள் ஒளு செய்யும்போது முகம் கழுவுகையில் கண்களை இறுக மூடிக்கொள்ளுங்கள்.

நேரில் பரிசோதித்தாலும் போனில் பார்த்தாலும் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். தேதி, இரு கண்களின் பவர், பார்த்தவர் பெயர் அதில் இருக்கட்டும். அந்தச் சீட்டை வைத்து எந்தக் கடையிலும் கண்ணாடி போடலாம். ஆன்லைனில் வந்த கண்ணாடி சீட்டில் உள்ளபடி இல்லையென்றால், பில்லை வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். பார்வைக் குறைபாடுள்ள பள்ளி மாணவர்களுக்கு அரசின் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தில் இலவசக் கண்ணாடி தருகிறார்கள்; பள்ளியிலோ அரசு மருத்துவமனைக் கண் பிரிவிலோ விசாரியுங்கள்.