பழைய பார்க்கே தரையை மூடிவிடாதீர்கள்

சிங்கப்பூரில் எழுபது, எண்பதுகளில் கட்டிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை மறுவிற்பனையில் வாங்கிய பலருக்கும் படுக்கையறையில் பார்க்கே தரையும் சேர்ந்தே வந்திருக்கும். விரல் அகலத்தில் சின்னச் சின்ன மரப்பட்டைகள். சில பட்டைகள் சேர்ந்தால் ஒரு சதுரம். ஒரு சதுரம் நெடுக்காக, அடுத்தது குறுக்காக. அறையைக் காலி செய்து பார்த்தால் கட்டில் கிடந்த இடம் ஒரு நிறம், ஆள் நடமாடிய இடம் வேறு நிறம். வருகிற கான்ட்ராக்டர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இதுக்கு மேலேயே வைனில் போட்டுடலாம்" என்பார். அவருக்கு அது சுலபமான வேலை. ஆனால் அடியில் கிடப்பது பல வீடுகளில் நல்ல தேக்கு. அதைப் பிளாஸ்டிக்கால் மூடுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்கலாம்.

பார்க்கேயில் முதலில் தேய்வது மேலே பூசிய வார்னிஷ்தான், மரம் அல்ல. ஆகவே எந்த இயந்திரத்தையும் கூப்பிடுமுன் தரையைச் சோதியுங்கள். அங்கங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சொட்டு திரண்டு அப்படியே நின்றால் பூச்சு இன்னும் இருக்கிறது. லேசாகத் தேய்த்து மேலே ஒரு பூச்சுக் கொடுத்தாலே போதும். சில நிமிடங்களில் மரம் அதைக் குடித்து அந்த இடம் கருத்தால் பூச்சு போய்விட்டது. மூலையில் ஒரு நாணயத்தால் சுரண்டியும் பாருங்கள். மெழுகு சுருண்டு வந்தால் முன்பு இருந்தவர் மெழுகு போட்டுப் பளபளப்பாக்கியிருக்கிறார். மெழுகின் மேல் எந்த வார்னிஷும் ஒட்டாது. அதை முழுக்க எடுத்தாக வேண்டும்.

அடுத்து, விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள். ஒட்டியிருக்கிற பட்டை கெட்டியாகக் கேட்கும். பசை விட்டுப்போனது பொள்ளென்று கேட்கும். அப்படிப்பட்ட இடங்களில் டேப் ஒட்டிக் குறித்து வையுங்கள். அழுத்தும்போது மரம் காகிதம்போல் உள்ளே அமுங்கினால் அது கரையான். மேல்தோலை மட்டும் விட்டுவிட்டு உள்ளே தின்று தீர்த்திருக்கும். அந்த அறைக்கு முதலில் வரவேண்டியவர் பூச்சி மருந்து அடிப்பவர்.

குளியலறைச் சுவரை ஒட்டியும் சன்னலோரத்திலும் கறுப்புத் திட்டுகள் இருந்தால் ஈரம் இறங்கியிருக்கிறது என்று பொருள். மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இரும்பும் ஈரத்தில் சந்தித்தால் கறுக்கும். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து அந்தக் காலத்தில் மை காய்ச்சினார்களே, அதே வேதியியல்தான். இந்த வகைக் கறையை ஆக்சாலிக் அமிலக் கரைசல் வெளுக்கவைக்கும். அது நஞ்சு, கையுறை போட்டுப் பூசி, பிறகு ஈரத்துணியால் நன்றாகத் துடைத்தெடுக்க வேண்டும். எப்படியும் கசிவை அடைக்காமல் கறையை எடுப்பது வீண்வேலை. குளியலறையில் நீர்த்தடுப்பு போயிருந்தால் அதைச் சரிசெய்து, தரை காயும்வரை காத்திருங்கள்.

விட்டுப்போன பட்டைகளை ஒட்டுவதுதான் பொறுமை கேட்கும் வேலை. இதை வீட்டுக்காரரே செய்யலாம். எடுக்குமுன் ஒரு படம் பிடித்து, ஒவ்வொன்றிலும் சாக்கட்டியால் எண் போடுங்கள். அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் பழைய பசையைச் சுரண்டி எடுங்கள். இல்லாவிட்டால் பட்டை மற்றவற்றைவிட உயர்ந்து நிற்கும். பசை கறுப்பாக, தார் மாதிரி இருந்தால் கவனம். பழைய தார்ப்பசைகளில் கல்நார் கலந்திருந்தது உண்டு. அதைக் காய்ந்த நிலையில் சுரண்டவோ தேய்க்கவோ வேண்டாம். சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சாதாரண வெள்ளைப் பசை தாரின்மேல் நிற்காது, பார்க்கேக்கென்றே விற்கும் நெகிழும் பசை வேண்டும். ஒட்டிய இடத்தின் மேல் இரவு முழுக்கப் பாரம் வையுங்கள். உடைந்த பட்டைக்கு மாற்று வேண்டுமென்றால் கடைக்கு ஓடாதீர்கள். சுவரோடு சேர்ந்த அலமாரியைக் கழற்றுகிறீர்களானால் அதன் அடியில் அதே வயது, அதே மரம் கிடைக்கும்.

இனித் தேய்ப்பு. இந்த வகைப் பட்டையின் கனம் பொதுவாக 8 மில்லிமீட்டர்தான். ஒருமுறை முழுக்கத் தேய்த்தால் அரை முதல் ஒரு மில்லிமீட்டர் போய்விடும். கதவு நிலையோரம் ஒரு பட்டையைப் பெயர்த்து எவ்வளவு மிச்சம் என்று அளந்த பிறகே இயந்திரத்துக்குச் சரி சொல்லுங்கள். உப்புத்தாள் 40ஆம் எண்ணில் தொடங்கி 60, 80, 120 என்று ஏறவேண்டும். நடுவில் ஒன்றைத் தாண்டினால் முந்தைய தாளின் கீறல் தங்கிவிடும். அப்போது கண்ணுக்குத் தெரியாது. வார்னிஷ் காய்ந்ததும் பல்லை இளிக்கும். சதுரத்துக்குச் சதுரம் மர ரேகை திசை மாறுவதால் நேராக ஓட்டினால் பாதிப் பட்டைகளில் குறுக்குக் கீறல் விழும். அதனால் முதல் சுற்றுகளை மூலைவிட்டமாக ஓட்டி, கடைசிச் சுற்றை வட்டத் தட்டு இயந்திரத்தால் முடிப்பார்கள். உருளை இயந்திரம் ஒரு நொடி ஓரிடத்தில் நின்றாலும் குழி விழும், அந்தக் குழியை நிரப்ப வழி கிடையாது. என்னைக் கேட்டால், இதை மட்டும் பழகிய ஆளிடம் விட்டுவிடுவது மேல். தேய்த்ததில் சேர்ந்த மெல்லிய மரத்தூளைப் பார்க்கே பிசினில் குழைத்து இடுக்குகளில் இழுத்துவிடலாம். மயிரிழை இடுக்குகளை அப்படியே விடுங்கள்: ஏர்கான் ஓடும்போது மரம் சுருங்கும், நிறுத்தினால் மறுபடி விரியும்.

தேய்க்கும்போது பறக்கும் தூளிலும் கவனம் வேண்டும். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. துணி முகக்கவசம் போதாது; என்95 வேண்டும்.

வார்னிஷில் எண்ணெய் வகை மரத்துக்குத் தேன்நிறம் தரும், நாற்றம் நாள் கணக்கில் இருக்கும். நீர் வகை சில மணி நேரத்தில் காயும், நிறம் மாற்றாது. அடுக்குமாடியில் குழந்தைகளோடு இருப்பவர்கள் நீர் வகையையே எடுப்பது நல்லது. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் இருப்பதால், பூசுமுன் அசிட்டோனால் துடைப்பதா அதற்கான அடிப்பூச்சு போடுவதா என்று டப்பாவில் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு, மூன்று பூச்சு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் மெல்லிய தாளால் ஒரு தடவல். வார்னிஷுக்குப் பதில் ஆளி விதை எண்ணெய் தேய்ப்பவர்கள், நனைந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடக்கூடாது. அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் ஊறப்போடுங்கள்.

மறுநாளே காலுறையோடு நடக்கலாம். கட்டில், அலமாரியைத் தூக்கி வைக்க இன்னும் சில நாள், கம்பளம் விரிக்க ஒரு வாரத்துக்கு மேல் பொறுங்கள். பிறகு சொட்டச் சொட்ட மாப் போடுவதை மறந்துவிடுங்கள், நன்றாகப் பிழிந்த துணி போதும்.

பாதித் தரைக்கு மேல் கரையான் தின்றிருந்தாலோ, மிஞ்சிய கனம் நான்கு மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தாலோ பெயர்த்துவிடுவதே சரி. மற்ற எல்லாவற்றையும் காப்பாற்றலாம். வேலை முடிந்ததும் வார்னிஷின் பெயரையும் தேதியையும் அலமாரிக் கதவின் உள்பக்கம் எழுதி வையுங்கள். அடுத்த முறை அதன்மேல் எது ஒட்டும், எது ஒட்டாது என்பது அந்தப் பெயர் தெரிந்தால்தான் தெரியும்.