சேற்றில் பதிந்த சிறு பாதங்கள்

அமெரிக்காவைக் கண்டுபிடித்தவர் யார்? "கொலம்பஸ்" என்று பள்ளிப் பிள்ளைகள் உடனே சொல்வார்கள்.

கொலம்பஸ் அங்கே போய்ச் சேர்ந்தது 1492-ம் ஆண்டு. அதற்கு முன்பே அங்கு மக்கள் இருந்தார்கள். ஊர்களும் நகரங்களும் இருந்தன.

அப்படியானால், அந்த மண்ணில் மனிதன் முதலில் கால் வைத்தது எப்போது?

ஈட்டி முனை

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் குளோவிஸ் என்று ஓர் ஊர் உண்டு. 1930-களில் அதன் அருகே கல் ஈட்டி முனைகள் கிடைத்தன. யானை இனத்தைச் சேர்ந்த 'மாமத்' என்ற பெரிய மிருகத்தின் எலும்புகளோடு அவை கிடந்தன. அவற்றின் வயது சுமார் 13 ஆயிரம் ஆண்டு!

அக்காலத்தில் கடல் மட்டம் தாழ்ந்திருந்தது. ஆசியாவின் சைபீரியாவும் அமெரிக்காவின் அலாஸ்காவும் தரையால் இணைந்திருந்தன. அந்த வழியே வந்த வேட்டைக்காரர்கள், கனடாவை மூடியிருந்த பனி உருகி வழிவிட்டதும் தெற்கே இறங்கினார்கள். நிபுணர்கள் அப்படித்தான் சொன்னார்கள். பாடப் புத்தகங்களும் பல ஆண்டுகள் அதையே சொல்லின.

கால் தடம்

அதே மாநிலத்தில் 'ஒயிட் சாண்ட்ஸ்' என்ற தேசியப் பூங்கா இருக்கிறது. எங்கு பார்த்தாலும் வெள்ளை மணல். முன்பு அங்கே பெரிய ஏரி இருந்தது.

ஏரிக்கரைச் சேற்றில் மனிதர்கள் வெறுங்காலோடு நடந்தார்கள். அந்தத் தடங்களை மண் மூடியது. அதனால் அவை அழியவில்லை. அவற்றில் பெரும்பாலானவை சிறுவர்கள், வாலிபப் பிள்ளைகளின் கால் தடங்கள்!

தடங்களுக்கு மேலும் கீழும் இருந்த மண்ணில், ஒரு நீர்ச்செடியின் விதைகள் கிடைத்தன. செடி செத்த பிறகு, அதிலுள்ள ஒருவகைக் கார்பன் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். மிச்சத்தை அளந்தால் வயது தெரியும்.

அளந்து பார்த்தார்கள். 2021-ம் ஆண்டு முடிவு வெளியாயிற்று. 21 ஆயிரம் முதல் 23 ஆயிரம் ஆண்டு!

சந்தேகம்

நிபுணர்கள் சிலர் இதை ஏற்கவில்லை. நீர்ச்செடி, தண்ணீரில் கரைந்திருக்கும் பழைய கார்பனையும் உறிஞ்சும். அதனால் விதையின் வயது கூடுதலாகத் தெரியலாம் என்றார்கள்.

நியாயமான கேள்விதான். ஆகவே, ஆராய்ச்சியாளர்கள் மறுபடியும் மண்ணை எடுத்தார்கள். அதிலிருந்த பைன் மரத்தின் மகரந்தத் தூளைப் பிரித்தார்கள். பைன் நிலத்தில் வளரும் மரம். காற்றிலிருந்தே கார்பனை எடுக்கும்.

மணலில் உள்ள குவார்ட்ஸ் துகள்களையும் சோதித்தார்கள். அந்தத் துகள் கடைசியாகச் சூரிய ஒளியைக் கண்டது எப்போது என்று அதில் தெரிந்துவிடும்.

2023-ம் ஆண்டு இரண்டு முடிவுகளும் வெளிவந்தன. விதை சொன்ன வயதையே இரண்டும் சொல்லின!

அப்படியானால், பனி உருகி வழிவிடும்வரை மனிதன் காத்திருக்கவில்லை. பனி வழியை அடைக்கும் முன்பே வந்திருக்க வேண்டும். இல்லையென்றால் கடலோரமாக வந்திருக்க வேண்டும்.

ஈட்டி ஏந்திய வேட்டைக்காரர்களுக்குச் சுமார் 8 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, சின்னஞ்சிறு பிள்ளைகள் அங்கே நடந்திருக்கிறார்கள்!