நல்ல தண்ணிக் குழாயை அடைத்தால்

கோவையில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர் முதலில் கேட்பது, "நல்ல தண்ணி எத்தன நாளைக்கு ஒருக்கா வருதுங்க?" என்பதைத்தான். உப்புத் தண்ணீர் போரில் கிடைத்துவிடும். சமையலுக்குச் சிறுவாணி அணைத் தண்ணீரோ பில்லூர் அணைத் தண்ணீரோ வர வேண்டும். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு லைன் வீட்டில் அந்தக் குழாயை வீட்டுக்காரர் அடைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "என் வீடு, என் குழாய்" என்கிறார். வீடு அவருடையதுதான். ஆனால் குழாயை அடைக்கும் உரிமை அவருக்கு இல்லை.

2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கும் தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் (2017) 20-ஆவது பிரிவு இதைத் தடுக்கிறது. அத்தியாவசிய வசதிகளை உரிமையாளர் தானாகவும் நிறுத்தக் கூடாது, ஆள் வைத்தும் நிறுத்தக் கூடாது. தண்ணீர், மின்சாரம், மாடிப்படி விளக்கு, கழிவறை வசதி எல்லாம் இதில் வரும். வண்டி நிறுத்தும் இடமும் வரும் என்பது பலருக்குத் தெரியாது. பார்க்கிங்கை மறித்துக் கடை கட்டினால் வாய் மூடி இருந்துவிடுகிறார்கள். இது புதுச் சலுகையும் அல்ல. பழைய 1960 சட்டமே தக்க காரணமில்லாமல் வசதியைத் துண்டிக்கக் கூடாது என்றுதான் சொன்னது.

மொட்டை மாடி, துவைக்கும் கல், சாமான் அறை போன்றவை அந்தப் பட்டியலில் இல்லை. அங்கே ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான் பேசும். வசதி குறைந்ததைக் காட்டி வாடகையைக் குறைக்கக் கேட்கலாம்.

என்ன செய்வது? தேதி தெரியும்படி படம் எடுங்கள். வீட்டுக்காரருக்கு ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். பலனில்லையென்றால் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுங்கள். அவர் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர். கோவையில் யார் என்பதை ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம். விசாரணை முடியுமுன்பே வசதியைத் திரும்பத் தரும்படி அவர் இடைக்கால உத்தரவு போடலாம்.

கோபத்தில் பலர் செய்யும் தவறு, வாடகையை நிறுத்துவது. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். இரண்டு மாத பாக்கி, உங்களைக் காலி செய்யச் சொல்ல அவருக்குச் சட்டமே தரும் காரணம். நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் வீடு போய்விடும். வாடகையை வங்கி வழியாகக் கட்டி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகக் குடிபோகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அட்வான்ஸ் கொடுக்குமுன், நல்ல தண்ணிக் குழாய், பார்க்கிங், மாடி என்று பேசிய ஒவ்வொன்றையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.