பிரசவத்துக்கு வேறு வைத்தியசாலை என்றால்

மாதக்கணக்காக ஓரிடத்திற் காட்டிவந்த கர்ப்பிணியிடம், "பிள்ளைப்பேற்றுக்குப் பெரிய வைத்தியசாலைக்குப் போங்கள்" என்று கூறப்படும்போது, ஏதோ விபரீதம் நேர்ந்துவிட்டதென வீட்டார் கலங்குவதை நாம் கண்டிருக்கின்றோம். பெரும்பாலும் அஃது அப்படியன்று. முன்னைய பிள்ளை சத்திரசிகிச்சையாற் பிறந்திருந்தாலோ, வயிற்றில் இரட்டைப் பிள்ளைகள் இருந்தாலோ, இரத்த அழுத்தம் ஏறியிருந்தாலோ, சத்திரசிகிச்சைக்கூடமும் நிபுணரும் இரத்த வங்கியும் திடீரென வேண்டப்படலாம். சிறிய பிரதேச வைத்தியசாலைகளில் அவ்வசதிகளை எதிர்பார்க்க முடியாது.

நெடுந்தீவுத் தாய்மாரை எண்ணிப் பார்ப்போம். தீவில் வைத்தியசாலை உண்டு. ஆயினும் நிபுணரை நாடுவதாயின் குறிகட்டுவான் வரை ஏறத்தாழ ஒரு மணி நேரப் படகுப் பயணம். அதன்பின் தரைவழியே யாழ்ப்பாணம். சோழகம் வீசினாற் கடலும் இடங்கொடாது. நோவு கண்டபின் புறப்படலாம் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. நாள் நெருங்குமுன்னரே யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டிலாவது வந்து தங்குதல் வேண்டும். குறித்த நாளையும் நம்பியிருக்கலாகாது. அந்த நாளிலேயே பிறக்கும் பிள்ளைகள் நூற்றுக்கு ஐந்தளவே. 37 வாரம் நிறைந்தபின் எந்நாளும் பிரசவ நாளாகலாம்.

தாய்மார் மரணத்தை ஆராய்ந்த ததேயஸ், மெயின் என்னும் இருவர் 1994இல் மூன்று தாமதங்களை எடுத்துக்காட்டினர். போவதென்று தீர்மானிப்பதிலே தாமதம், போய்ச்சேர்வதிலே தாமதம், சேர்ந்தபின் தக்க சிகிச்சை பெறுவதிலே தாமதம். இவற்றுள் முதலாவது பெரும்பாலும் நம் வீட்டுக்குள்ளேயே நிகழ்வது. "அவர் வேலையால் வரட்டும், மாமியையும் ஒருக்காற் கேட்போம்" என்று காத்திருக்கும் வழக்கம் நம்மை விட்டு இன்னும் முற்றாகப் போகவில்லை. இரத்தம் போனாலோ, நீர்க்குடம் உடைந்தாலோ, பிள்ளையின் அசைவு குறைந்தாலோ, கடுந்தலையிடியுடன் கண் மங்கினாலோ எவரையுங் கேளாமற் புறப்படுவது என்று முன்னரே பேசி முடிவுசெய்தல் நன்று. நள்ளிரவில் எவருடைய வாகனம், அவர் ஊரில் இல்லாவிடில் வேறெவர், மூத்த பிள்ளையை எங்கே விடுவது என்பனவும் அன்றே முடிவாகட்டும். 1990 என்ற இலக்கத்தை அழைத்தாற் கட்டணமின்றி அம்புலன்ஸ் வரும். 2016இல் ஆரம்பமான இச்சேவை பின்னர் வடக்குக்கும் விரிந்தது.

புதிய இடத்திலே தாயின் வரலாற்றை எவரும் அறியார். அவளுக்காகப் பேசுவது கர்ப்பகாலப் பதிவட்டையே. அதை அலுமாரியிற் பூட்டிவிட்டு, குழந்தைச் சட்டைகளை மட்டும் பெட்டி நிறைய அடுக்கிக்கொண்டு வருவோரை என்னென்பது! அந்த வைத்தியசாலையின் கிளினிக்குக்கு ஒருமுறையேனும் முன்னதாகச் சென்று பதிந்து, இரவில் எவ்வாயிலால் உட்செல்வது என்பதையும் பார்த்துவருதல் நலம். பேற்றுக்குப்பின் தாய் வீட்டில் தங்குவதாயின், தம் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தருக்கும் அவ்விடத்தவருக்கும் அறிவித்துவிடுக; அன்றேல் தாயையுஞ் சேயையும் பார்க்க வருபவர் பூட்டிய வீட்டைக் கண்டு திரும்ப நேரும்.

பெற்றோரின் விவாகப் பத்திரத்தையும் உடன் எடுத்துச் செல்லலாம். பிள்ளை பிறந்த பகுதிக்குரிய பதிவாளரிடமே பிறப்பைப் பதிவதனால், அதற்காக மீண்டும் ஒரு பயணம் செய்யவேண்டியிராது.