ஹாலும் அழகாக இருக்கணும், பாட்டும் நன்றாகக் கேட்கணும்... ஸ்பீக்கரை எங்கே வைப்பது?

புது ஸ்பீக்கர் வீட்டுக்குள் வந்ததும் முதலில் ஆரம்பிப்பது பாட்டு அல்ல, பஞ்சாயத்து. ‘டி.வி-க்கு ரெண்டு பக்கமும் கறுப்புப் பெட்டியா?’ என்று ஒருவர் கேட்பார். ‘ஷோகேஸுக்குள்ள தள்ளினா வாங்கினதே வீண்’ என்பார் இன்னொருவர். கடைசியில் ஸ்பீக்கர் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அல்லது ஹாலில் நின்று எல்லோர் காலையும் இடறும்.

ஆடியோ ஆர்வலர்கள் இந்தச் சண்டைக்கு ஆங்கிலத்தில் ஒரு கேலிப்பெயரே வைத்திருக்கிறார்கள். ‘மனைவி சம்மதிக்கும் அளவு’ என்று அதற்குப் பொருள். வீட்டின் அழகைப் பற்றிப் பேசுவதே ஒரு இடைஞ்சல் என்பதுபோன்ற கேலி அது. யோசித்துப் பாருங்கள்... பாட்டு ஒலிப்பது ஒரு நாளில் ஓரிரு மணி நேரம். பெட்டி கண்ணில் படுவதோ நாள் முழுக்க. பெருக்கித் துடைப்பவருக்கும், தரையில் விளையாடும் குழந்தைக்கும், ஈஸி சேரில் சாயும் தாத்தாவுக்கும் அந்த ஹாலில் பங்கு உண்டு. அதேபோல, ஆசையாக வாங்கியவர் நல்ல ஒலியை எதிர்பார்ப்பதும் நியாயம்தான்.

இரண்டு நியாயமும் ஒத்துப்போக ஒரு வழி இருக்கிறது. நல்ல ஒலிக்கு எது கட்டாயம், எதை விட்டுக்கொடுக்கலாம் என்று பிரித்துவிடுவது. கட்டாயமானவை மூன்றுதான்.

விட்டுக்கொடுக்கக் கூடாதவை

காது மட்டம்: பாடகரின் குரலில் தெளிவையும் ஜால்ராவின் கணீர் ஒலியையும் தருவது ட்வீட்டர் என்ற சின்ன வட்டம். அதன் ஒலி டார்ச் வெளிச்சம்போல நேராகப் போகும். சோபாவில் உட்கார்ந்தால் காது இருக்கும் உயரம், சுமார் 3 அடி, அதற்குச் சரி. பரண்மேல் வைத்தே ஆகவேண்டும் என்றால், முகத்தைக் கீழ்நோக்கிச் சாய்த்து வையுங்கள்.

முன்னால் தடை கூடாது: பூச்சாடி, போட்டோ ஃப்ரேம், சோபாவின் கை எதுவும் மறைக்கக் கூடாது. ஷோகேஸில்தான் இடம் என்றால், ஸ்பீக்கரின் முகம் தட்டின் விளிம்புவரை வரட்டும். அடியில் ரப்பர் துண்டுகள் வைத்தால் தட்டு அதிராது.

மூலை ஆகாது: சுவரை ஒட்டினால் பேஸ் கூடும், மூலையில் இன்னும் அதிகமாகி, பாட்டு வரிகள் குழம்பிவிடும். பெட்டியின் பின்பக்கம் ஓட்டை இருந்தால், சுவரிலிருந்து அரை அடியாவது தள்ளி வையுங்கள். அதற்கு இடமில்லாத வீடா? ஓட்டையே இல்லாத மூடிய பெட்டியையோ, ஓட்டை முன்பக்கம் உள்ளதையோ பார்த்து வாங்குங்கள்.

விட்டுக்கொடுக்கக் கூடியவை

அளவு: ஒரு காலத்தில் ஆழமான பேஸ் வேண்டுமென்றால் பிரமாண்டமான பெட்டி வேண்டும். 1954-ல் அமெரிக்காவின் எட்கர் வில்ச்சூர் உருவாக்கிய ஏ.ஆர்-1 அதை மாற்றியது. மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்போல வேலை செய்யவைத்தார் அவர். சின்னப் பெட்டி என்றாலே சுமார் ஒலி என்று அர்த்தமில்லை.

சப்வூஃபர்: 80 ஹெர்ட்ஸ் ஒலி அலையின் நீளம் சுமார் 14 அடி. இவ்வளவு நீளமான அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்கு எளிதில் தெரியாது. அதனால் இந்தப் பெரிய பெட்டியை சோபா ஓரத்தில் மறைவாக வைக்கலாம். அலமாரிக்குள் வைத்துக் கதவை மட்டும் மூடாதீர்கள்.

நிறம், துணி: முன்பக்கத் துணி சோபா நிறத்தில் வேண்டுமா? மாற்றலாம். துணியை வாயருகே பிடித்து ஊதிப் பாருங்கள். காற்று சுலபமாகப் போனால் ஒலியும் போகும். குழந்தைகள் உள்ள வீட்டில் துணி மூடி அவசியம்; பிஞ்சு விரல் ஒருமுறை குத்தினாலே கூம்பு நசுங்கிவிடும்.

ஒயர்: சுவரின் அடியோரமாக கேசிங் போட்டு, சுவரின் நிறத்தையே அடித்துவிட்டால் கண்ணை உறுத்தாது.

இருவரும் ஜெயிக்கும் இடம்

டைல்ஸ் தரை, வெறும் சுவர், கண்ணாடி ஜன்னல். நம் ஃபிளாட்டுகளின் ஹால் பெரும்பாலும் இப்படித்தான். நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டிப் பாருங்கள். ‘ணங்’ என்று எதிரொலித்தால், எவ்வளவு விலையுயர்ந்த ஸ்பீக்கரும் இரைச்சலாகத்தான் கேட்கும். இதற்கு மருந்து கனமான திரைச்சீலை, தரைவிரிப்பு, குஷன்கள், புத்தக அலமாரி. ஹாலை அலங்கரிக்க நினைப்பவர் கேட்பதும் இவற்றைத்தானே! ஸ்பீக்கர் பட்ஜெட்டில் ஒரு பகுதியைத் திரைச்சீலைக்கு ஒதுக்கினால், கண், காது இரண்டுக்கும் லாபம்.

வாங்கும் முன்...

வாங்கப்போகும் ஸ்பீக்கரின் நீள, அகல, உயரம் கம்பெனியின் இணையதளத்தில் இருக்கும். அதே அளவில் அட்டைப்பெட்டிகளை எடுத்து, நினைத்த இடத்தில் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். யார் காலில் இடறுகிறது, எந்த ஜன்னலை மறைக்கிறது என்று தெரிந்துவிடும். கொலு வைக்கும் வீடு என்றால், நவராத்திரிக்குப் படி கட்டும்போது பெட்டிகள் எங்கே போகும் என்பதையும் பேசிவிடுங்கள்.

இடத்தை எல்லோருமாக முடிவு செய்துவிட்டு, அந்த இடத்துக்குப் பொருந்தும் ஸ்பீக்கரைத் தேடிப் போங்கள். கடைக்காரர் முதலில் பட்ஜெட்டைத்தான் கேட்பார். நீங்கள் சுவரின் அளவிலிருந்து பேச்சை ஆரம்பியுங்கள்!