பிளக் ‘லீக்’கா? பழுப்புக் கறையைப் பார்த்து ஏமாறாதீங்க!

பீங்கானையும் உலோகத்தையும் பூட்டும் கண்ணாடித் தூள்

காலை நேரம். சவாரி காத்து நிற்கிறது. கேஸ் ஆட்டோ கிளம்ப மறுக்கிறது. மெக்கானிக் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி டிரைவரின் முகத்துக்கு நேரே நீட்டுகிறார்.

“பாருண்ணே, பீங்கான் மேலே பழுப்பா கறை! உள்ளேயிருந்து கேஸ் லீக் ஆவுது. பிளக் போச்சு!”

டிரைவர் சட்டைப் பையைத் தடவுகிறார். புது பிளக் மாட்டியாச்சு. சவாரி பாதி வழி போனதும் வண்டி மறுபடி மக்கர்! காசும் போச்சு, சவாரியும் போச்சு.

உண்மை என்ன?

அந்தக் கறை கேஸ் லீக்கே அல்ல! பிளக்குக்கு வரும் மின்சாரம் 20 ஆயிரம் வோல்ட்டையும் தாண்டும். அந்த வேகத்தில், காற்றிலுள்ள எண்ணெய்த் துளிகளும் தூசியும் இழுக்கப்பட்டுப் பீங்கானில் ஒட்டிக்கொள்கின்றன. அவ்வளவுதான். இதனால் பிளக்கின் வேலை கெடாது.

அப்படியானால் கேஸ் ஏன் நடுத்துளை வழியே வெளியே வருவதில்லை? அங்கேதான் இருக்கிறது கண்ணாடித் தூளின் வேலை!

ஒட்டாத ஜோடி

பிளக்கின் வெள்ளைப் பீங்கான், அலுமினாவில் செய்தது. நடுக்கம்பி, நிக்கல் கலவை. இரண்டும் சூட்டில் ஒரே அளவு விரிவதில்லை. பீங்கான் 8 பங்கு நீண்டால் நிக்கல் சுமார் 13 பங்கு நீளும். இறுக்கிச் செருகினால் பீங்கான் பிளக்கும். தளர்வாக விட்டால் கேஸ் சீறும்.

அதனால் கம்பியைத் துளையில் இறக்கி, மேலே கண்ணாடித் தூளைக் கொட்டி இடிக்கிறார்கள். சுமார் 900 டிகிரி சூட்டில் தூள் இளகிக் குழம்பாகிறது. மேல்முனைக் கம்பியை அதில் அழுத்தி ஆறவிடுகிறார்கள். கண்ணாடி இரண்டையும் கட்டிப் பிடித்துக்கொள்கிறது!

கண்ணாடியில் மின்சாரம் ஓடாதே என்று கேட்பீர்கள். ஓடுவதற்காகத்தான் கூடவே செப்புத் தூளும் கலக்கிறார்கள். ரேடியோவில் கரகர சத்தம் வராமல் தடுக்க, பல பிளக்குகளில் நடுவே ஒரு தடையும் உண்டு. அதுவும் கண்ணாடியும் கரியும் சேர்ந்த தூள்தான்!

நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடும் 4 ஸ்ட்ரோக் என்ஜினில், அதே நிமிடத்தில் 3000 முறை வெடிப்பு. அத்தனை அடியையும் தாங்குகிறது அந்தத் துளியூண்டு கண்ணாடிப் பூட்டு.

எதைப் பார்க்க வேண்டும்?

கறையை விட்டுவிட்டு, பிளக்கின் அடிமூக்கைப் பாருங்கள்.

வெளிர் பழுப்பா? நல்ல பிளக். கரிக்கட்டையாகக் கறுத்திருக்கிறதா? எரிபொருள் கூடுதலாக வருகிறது, அல்லது ஏர் பில்டர் அடைத்திருக்கிறது. எண்ணெய்ப் பிசுபிசுப்பா? என்ஜின் ஆயில் உள்ளே வருகிறது. வெளுத்துக் கொப்புளம் போட்டிருக்கிறதா? அளவுக்கு மீறிய சூடு. இந்தக் கோளாறுகளைச் சரிசெய்யாமல் பத்து பிளக் மாற்றினாலும் பயனில்லை.

இன்னொன்று: கை தவறிக் கீழே விழுந்த பிளக்கை மறுபடி மாட்டாதீங்க. கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் போதும். பொறி முனைக்குப் போகாமல் பக்கவாட்டில் பாய்ந்துவிடும். நடுராத்திரியில், நடுரோட்டில் நிற்பது நீங்கள்தான்!

அடுத்த தடவை மெக்கானிக் கறையைக் காட்டினால், “அண்ணே, கொஞ்சம் திருப்பிக் காட்டுங்க” என்று கேளுங்கள்!