ஆகாயக் கோளுக்கும் ஒரு பஞ்சாங்கம்!

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறிச் சோளக்காடு சேர்ந்தவர்கள், பொழுது சாய்ந்ததும் வானத்தை அண்ணாந்து பார்க்கட்டும். சில நாட்களில், மின்னாத வெள்ளிப் புள்ளி ஒன்று விரைந்து போகும். சர்வதேச விண்வெளி நிலையம்தான் அது!

எந்த நாள், எந்த நிமிஷம்? அதற்கும் பஞ்சாங்கம் உண்டு. வரிக்கு 69 இடமாக இரண்டே வரி! பாதையின் சாய்வு 51.6 டிகிரி, நாளொன்றுக்குச் சுமார் 15.5 சுற்று, இப்படிச் சகலமும் அதற்குள் அடக்கம்.

நம் வீட்டுப் பஞ்சாங்கம் வருஷம் முழுவதும் உதவும். இதுவோ சில நாளிலேயே பழசாகிவிடும். 400 கிலோமீட்டர் உயரத்திலும் சிறிது காற்று உண்டல்லவா? அது பாதையைத் தாழ்த்திக்கொண்டே இருக்கிறது. கணக்கு ஒரு விநாடி பிசகினால் 7 கிலோமீட்டருக்கு மேல் தவறும்! ஆகவே ராடார்கள் ஓயாமல் அளக்க, புதுக் கணக்குப் போடுகிறார்கள்.

2009 பிப்ரவரி 10-ந் தேதி, சைபீரியாவுக்கு மேலே ஓர் அமெரிக்கச் செயற்கைக் கோளும் ஒரு ரஷ்யக் கோளும் மோதிச் சிதறின. அரைக் கிலோமீட்டர் விலகிப் போகும் என்றுதான் கணக்குச் சொல்லியிருந்தது.